தொழில் என்கிற கட்டம்

அன்று மாலை மாடியில் இருந்தவர்கள்: நான், அந்த மாடியை எங்கள் வகுப்புக்கு விட்டிருந்த பட்டுக்கடை செந்தில் அண்ணன், கரீம் பாய், அவர் மனைவி ஜர்மீனா, பத்தாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் நிலோஃபர். நிலோஃபரின் தம்பி கீழே படிக்கட்டில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்தால் ஆறு பேர். வராதவர் ஒருவர்தான், கடை வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற ஃபாரம் அக்கா. வராதவர் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. அவரை நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று செந்தில் அண்ணன் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன்.

விரித்திருந்த கோரைப்பாயின் நடுவில் ஒரு கடிதம் கிடந்தது. வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தது. கரீம் பாய் குடும்பம் இங்கே தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்கச் சொல்லிப் போட்ட விண்ணப்பத்தில், மனைவியின் தொழில் 'கை எம்பிராய்டரி, ப்ளவுஸ் வேலை' என்று இருக்கிறது. படிக்க வந்தவரின் குடும்பத்தாராக வந்தவர் இங்கே சம்பாதிக்கக் கூடாது. ஏன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று பதினைந்து நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

தள்ளினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிலோஃபருக்குப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அவர்கள் ஊரான காபூலில் அவள் வயதுப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவளுடைய சித்தி மகள் ஆறாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் இன்னும் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்று நிலோஃபர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"யார் எழுதினது இது?" என்றார் செந்தில் அண்ணன். தெரிந்தேதான் கேட்டார்.

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"ப்ளவுஸ் வேலைன்னு போட்டிருக்குது. யார் கடை ப்ளவுஸ்னு கேப்பாங்களா இல்லையா? என் கடைக்குத்தானே வருவாங்க? நல்லது செய்யலாம்னு மாடிய விட்டேன்பா நான்."

அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. பயந்தவரைப் பார்த்து எங்களுக்கும் பயம் கூடியது.

ஃபாரம் அக்காவின் கடை கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. ஒரு பேக்கரிக்கும் முத்திரைத்தாள் விற்கிறவருக்கும் நடுவில், ஒரு ஷட்டர் அகலம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் போட ஒரு பெட்டி. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், படிக்கும்போதுகூட. எந்த விண்ணப்பமானாலும் நேராகக் கம்ப்யூட்டரில் அடிக்க மாட்டார். முதலில் வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதுவார். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவார். வந்தவர் தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் அடுத்த வரி.

"இங்கயே சொல்லிடு. அப்புறம் வந்து அழுவாத," என்பார்.

கட்டத்தைக் காலியாக விடுவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. மற்ற கடைகளில் 'இல்லை' என்று கோடு இழுத்துவிட்டுப் போகிற இடத்தில் அக்கா நிறுத்திவிடுவார். அங்க அடையாளம் என்று கேட்டிருந்தால் வந்தவர் "ஒண்ணும் இல்லம்மா" என்றதும் எழுந்து வருவார். கழுத்தைத் திருப்பு, கையை நீட்டு, காதுக்குப் பின்னால் காட்டு என்று வரிசையில் எல்லாரும் பார்க்கத் தேடுவார்.

"மச்சம் இல்லாத மனுசன் கிடையாது. தேடலைன்னு சொல்லு."

ஒரு முறை ஒரு தலையாரியின் முதுகில் தேடிக் கண்டுபிடித்ததும், அந்த ஆள் பேன்ட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே ஓடினார். பேக்கரிக்காரர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் முதலில் போனது முதல் பட்டதாரி சான்றிதழுக்காக. குடும்பத்தில் முதலாவதாகக் காலேஜ் போகிறவனுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் உள்ள காலனிக்காரர்கள். அப்பா கூட வந்திருந்தார். தொழில் என்று கேட்டதற்கு அப்பா "கூலிம்மா" என்றார்.

"எந்தக் கூலி? கை செவந்து இருக்குதே."

"சாயப்பட்டறை. நூல் அலசுவேன்."

"அத சொல்லு. கூலின்னா எவனுக்குத் தெரியும்?" சாயப்பட்டறைத் தொழிலாளி என்று எழுதினார். "வீட்ல அவங்க?"

"அது சும்மா வீட்லதாம்மா இருக்குது."

அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"கஞ்சி."

"யாரு காச்சினது?"

"அதான் காச்சுச்சு."

"காச்சி வச்சிட்டு எங்க போச்சு?"

"நூறு நாள் வேலைக்கு. அது இல்லாத நாள்ல களை எடுக்கப் போவும். மாடு ஒண்ணு இருக்குது, அதையும் பாத்துக்கும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மொதல் பட்டதாரியாம் இவரு. இவங்கம்மா சும்மா இருக்குதாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா பெயருக்கு எதிரே 'விவசாயத் தொழிலாளி' என்று அக்கா எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். அம்மாவைப் பற்றி எழுத்தில் அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து என் விண்ணப்பங்கள் எல்லாம் அந்தக் கடையில்தான்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். மழை நாள், கடையில் கூட்டம் இல்லை. அக்கா நிமிராமலே சொன்னார். அவர் அப்பா தறி நெய்தவர், செந்தில் அண்ணனுடைய அப்பாவின் கடைக்கு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார், அதாவது நாடாவில் வைக்கிற சின்னக் கண்டிகளில் நூலைச் சுற்றிக் கொடுப்பார். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் விளக்கு ஏற்றும் வரை. அந்தக் கை நின்றால் தறியும் நிற்கும். அப்பா செத்த பிறகு நெசவாளர் உதவித்தொகை கேட்டுப் போனபோது, பழைய அட்டையில் அம்மாவுக்கு நேரே 'இல்லத்தரசி' என்று இருந்தது. நீங்க நெசவாளர் இல்லையேம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அந்த அட்டைய எழுதினவன் நல்லவன்தான். எங்க தெருக்காரன். எங்கம்மா சுத்தறத அவனே பாத்திருக்கான். காலியா இருந்துது, எதையோ எழுதிட்டான்." பிரின்டரில் தாள் வைத்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மா சாவற வரைக்கும் கை சுத்தற மாதிரியே ஆடிக்கினு இருந்துது."

பிரின்டரை ஓடவிட்டார்.

கரீம் பாய் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு வந்தவர். நாட்டில் ஆட்சி மாறியதும் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. அவரைப் போல நான்கு ஆப்கான் குடும்பங்கள் ஐயம்பேட்டையில் வாடகைக்கு இருந்தன. நான் கணக்கில் பட்டம் வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் செந்தில் அண்ணன் கடை மாடியில் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு அவர்கள் அம்மாக்களுக்குத் தமிழ். வருடத்துக்கு ஒரு முறை அவர்களுடைய புத்தாண்டுக்கு விழா. ஏழு விதமான உலர் பழங்களை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் கிண்ணங்களில் கொடுப்பார்கள். நம் பிள்ளைகள் கும்மி அடிப்பார்கள், அவர்கள் பிள்ளைகள் வட்டமாக நின்று ஆடுவார்கள். செந்தில் அண்ணன் உள்ளூர்ப் பெரியவர்களுக்குச் சால்வை போடுவார்.

முதல் விழாவுக்குப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அடிக்க ஃபாரம் அக்காவிடம் கரீம் பாயை அழைத்துப் போனேன். அக்கா பென்சிலை எடுத்தார். பிள்ளை பேர், அப்பா பேர். அடுத்தது, அம்மா பேர்.

கரீம் பாய் சிரித்து மழுப்பினார். "நிலோஃபர் அம்மா."

"அது தெரியுது. பேரு?"

அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் பக்கத்தில் ஆண்கள் வெளி மனிதர் எதிரே மனைவி பெயரைச் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெண்ணின் பெயர் இருக்காது, இன்னாரின் மகள் என்றுதான் இருக்கும் என்று பிறகு சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கு மட்டும் ஏதோ புரிந்து, "எங்க வீட்டுக்காரர் பேர நானும் சொல்ல மாட்டேன்பா," என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க, அங்க ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்களா? உங்க ஊர் தேவலாம் பாய். ஆனா கட்டம் காலியா இருக்குதே."

சிரிப்பு நின்றது. பென்சில் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. கரீம் பாய் முகம் இறுகிப்போனது. நான் பெயரைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவருக்கு அது அவமானமாகிவிடும் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. இரண்டு நிமிஷம் இருக்கும். கடைசியில் அவர் பென்சிலை அக்கா கையிலிருந்து வாங்கி, தாளைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்க்காமல் எழுதுகிற மாதிரி. அக்கா வாசித்துக் காட்டவில்லை. அந்த ஒரு முறைதான் அவர் வாசிக்காமல் விட்டதை நான் பார்த்தேன்.

விழாவில் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய ஜர்மீனா, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒரு கிண்ணம் ஊறிய பழத்தை எடுத்துக்கொண்டு, தனியாக ஷேர் ஆட்டோ ஏறி, அக்காவின் கடைக்குப் போனார். தனியாக அவர் இந்த ஊரில் போன முதல் இடம் அது.

ஜர்மீனா போடும் எம்பிராய்டரி கந்தஹார் பக்கத்து வேலை. துணியின் பின்பக்கத்தைப் பார்த்து, இழையை எண்ணி எண்ணி ஊசி இறக்குவார். முன்பக்கத்தில் பூ தானாக விழும். அதைப் பார்த்த செந்தில் அண்ணன் ஒரு கல்யாணப் ப்ளவுஸ் கொடுத்துப் பார்த்தார். பிறகு மாதம் இரண்டு மூன்று வந்தன. எடுத்துப் போவதும் கொண்டு வருவதும் நான்தான். கரீம் பாயின் உதவித்தொகை தாமதமாகிற மாதங்களில் அந்தப் ப்ளவுஸ்கள்தான் வாடகை. இது தப்பு என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. இந்த ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் செய்கிற வேலையை வேலை என்று யார் நினைத்தார்கள், நினைப்பதற்கு?

அக்காவைத் தவிர.

அனுமதி நீட்டிப்பு விண்ணப்பம் போட்ட அன்று கரீம் பாய்க்குக் கல்லூரியில் பரீட்சை. பாஸ்போர்ட் நகல்களை என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன், அவர் வாசித்தார், நான் தலையாட்டினேன். மனைவியின் தொழில் என்ற இடம் வந்தது.

"அந்தம்மா இன்னா செய்றாங்க?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருமையாகச் சொன்னேன். "எம்பிராய்டரி போடறாங்கக்கா. சூப்பரா போடுவாங்க. கல்யாண ப்ளவுஸ்."

"அப்படிச் சொல்லு," என்றார் அக்கா. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். என் முகத்திலும் இருந்திருக்கும். அம்மா பெயருக்கு நேரே அவர் எழுதியதைப் படித்த பிள்ளை இல்லையா நான். வாசித்துக் காட்டினார். தலையாட்டினேன்.

மாடியில் அன்று இதைத்தான் நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

செந்தில் அண்ணனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் போனிலேயே வழி சொன்னார். விண்ணப்பத்தை நிரப்பியவர் எழுதிக் கொடுக்கட்டும். விண்ணப்பதாரரைக் கேட்காமல், தன் கவனக்குறைவால், தவறான தகவலைத் தானே பதிந்துவிட்டதாக. அவர் இல்லத்தரசிதான் என்று. அப்படிக் கொடுத்தால் குடும்பத்தின் மேல் குற்றம் இல்லை, கடையும் தப்பும். கடிதம் அரை மணியில் தயாராகிவிட்டது. கையெழுத்து வாங்கி வர வேண்டியவன் நான்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். அக்கா கடிதத்தை வாங்கினார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. வழக்கம்போல உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"'விண்ணப்பதாரரைக் கேட்காமல்.'" நிறுத்தினார். "கேக்கலையா நான்?"

"கேட்டீங்க."

"யாரக் கேட்டேன்?"

"என்னைக்கா."

"நீ இன்னா சொன்ன?"

அவர் தொடர்ந்து வாசித்தார். "'தவறான தகவல்.' தப்பா?"

"இல்லக்கா."

"'அவர் இல்லத்தரசி.'" கடிதத்தை மேசைமேல் வைத்தார். "தலையாட்டு."

என்னால் ஆட்ட முடியவில்லை.

"என் பேரையும் போட்டுடறேன்கா. நான்தான் சொன்னேன்னு."

"உனக்குப் பரீட்ச எப்போ?"

"அடுத்த மாசம்."

"பாஸானா போலீஸ் விசாரணை வரும் இல்ல?"

"வரும்."

"அப்புறம் இன்னா போட்டுடறேன்கற." கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். "போ. யோசிக்கணும்."

நான்கு நாள் யோசித்தார். நான்கு நாளும் செந்தில் அண்ணன் எனக்குக் காலையும் மாலையும் போன் செய்தார். "ஒரு கையெழுத்துபா. அந்தம்மா பெரிய கோர்ட்டுனு நெனப்பா? அவங்கப்பா எங்க கடைக்கு நெய்தவருதான், நான் வந்து கேட்டா போட மாட்டாங்களா?" நான் வர வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் வந்தால் அக்கா சாகும்வரை போட மாட்டார் என்று எனக்குத் தெரியும். நிலோஃபர் வகுப்புக்கு வந்தாள், எதுவும் கேட்கவில்லை. கணக்கை எல்லாம் சரியாகப் போட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது. பதினைந்து நாளில் எட்டு நாள் போய்விட்டது.

ஐந்தாம் நாள் அக்கா ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார். "அந்தம்மாவ வரச் சொல்லு. அவங்க வேலைய நான் அழிக்கணும்னா அவங்க வாயால சொல்லணும்."

ஜர்மீனா வந்தார். நான் கூட இருந்தேன், வெளியே பெஞ்சில். மத்தியான வெயில். பேக்கரியில் பன் வேகும் வாசனை. அக்கா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜர்மீனாவின் வலது ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசிக் குத்து, கறுத்துப் போயிருக்கும். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் ஜர்மீனா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக் கொடுத்த தமிழ், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "என் பொண்ணு பரீட்சை எழுதணும். நீங்க எழுதுங்க. நான் வீட்ல சும்மா இருக்கேன்."

"சும்மான்னு சொல்லாத."

"நான் சும்மா இருக்கேன்," என்றார் மறுபடியும். இந்த முறை தயக்கமே இல்லை.

அக்கா இழுப்பறையைத் திறந்தார். பேனாவைத் தேடினார். பென்சில்தான் கையில் வந்தது, அதை வைத்துவிட்டு மறுபடி தேடினார். கையெழுத்துப் போட்டு, கீழே கடை முத்திரையை இரண்டு முறை அழுத்தினார். கடிதத்தை நீட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

கடிதத்தைக் கொடுத்ததும், விசாரணைக்கு அக்காவே நேரில் வர வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். போனோம். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அதிகாரி சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீங்களாதான் போட்டீங்களா?"

"ஆமா சார்."

"அவங்க சொல்லலை?"

"சொல்லலை சார்."

"யாரும் சொல்லலை?"

நான் கதவைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலை சார்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"கட்டம் காலியா இருந்துது சார்."

"காலியா இருந்தா நீங்க நெனச்சத எழுதுவீங்களா?"

"ஆமா சார்."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு வருஷமா சார்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். பேனா தாளில் உரசுவது எனக்குக் கேட்டது. எழுந்து உள்ளே போய், நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு எட்டு அடி தூரம்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஐயம்பேட்டை வீட்டுக்கு ஒரு காவலர் விசாரிக்க வந்தார். வரப் போகிறார் என்று தெரியாது. கூடத்தில் மரச்சட்டத்தில் ஒரு சிவப்புப் ப்ளவுஸ் துணி இழுத்துக் கட்டியபடி இருந்தது, பாதிப் பூவோடு. ஜர்மீனா சமையலறை வாசலில் அசையாமல் நின்றுவிட்டார். காவலர் சட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நிலோஃபர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஸ்கூல் கிராஃப்ட் சார். எங்க மிஸ் நாளைக்குக் கொண்டாரச் சொன்னாங்க. பாதிதான் ஆயிருக்குது, திட்டப் போறாங்க."

நம் தெருப் பெண் பேசுகிற மாதிரியே பேசினாள். காவலர் சிரித்து, நல்லா படிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணா சொல்லுச்சு?"

"ஆமாக்கா."

"அவர் நம்பினாரா?"

"நம்பிட்டாரு."

அக்கா கோட்டை முடித்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். "நல்லாத்தான் கத்துக்கினு இருக்குது," என்றார். எதை என்று சொல்லவில்லை.

அனுமதி வந்தது. நிலோஃபர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள், கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். நான் என் தேர்வில் தேறினேன். என்னைப் பற்றிய விசாரணையில் ஒரு கறை இல்லை. இப்போது ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்குகிறேன். பெண்கள் பெயருக்கு நேரே ஒரே வார்த்தை வரிசையாக வருகிறது. பார்க்கிறேன், முத்திரை குத்துகிறேன்.

அக்காவின் கடைக்கு அரசுச் சேவை விண்ணப்பங்கள் போடுவதற்கான ஐ.டி.யை நிறுத்திவிட்டார்கள். தவறான தகவல் பதிந்ததாக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே. கொஞ்ச நாள் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய பழக்கத்தில் வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்புவார். ஆனால் அனுப்பும் முன் வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்து, "இப்படியே அடிக்கச் சொல்லு," என்பார். அவர்கள் அப்படி அடித்தார்களா என்று தெரியாது. மூன்று மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஆரணியில் தன் உடன்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. போன் நம்பர் இருக்கிறது.

விசாரணை நடந்த வாரங்களில் பழைய அனுமதியின் காலம் முடிந்துபோயிருந்தது. அதற்கு அபராதம், தலைக்குப் பத்தாயிரம், நான்கு தலை. அக்கா ஊரை விட்டுப் போகும் முன்பே அதைக் கட்டினோம், கட்டிய அன்று வங்கியில் நாங்கள் எல்லாரும் இருந்தோம், அக்காவும். செந்தில் அண்ணன் பாதி தருவதாகக் கவரோடு வந்திருந்தார். கரீம் பாய் கையை நீட்டப் போனார்.

"அத வாங்காத பாய்," என்றார் அக்கா. ஜர்மீனாவின் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட இருக்குது இல்ல?"

ஜர்மீனா துணிப்பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களாக எடுத்து கவுன்டரில் அடுக்கினார். வாடகைக்குப் போகாமல் மிஞ்சிய ஒவ்வொரு ப்ளவுஸ் கூலியையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, மிச்சமான ஜரிகை இழையால் கட்டி வைத்திருந்தார். கேஷியர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பதினாறு ப்ளவுஸ், ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. நாற்பதாயிரம் ரூபாய்.